ஒரிஜினல் ஹெட்லைட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆனதும் சிலருக்கு ஒரு ஆசை வரும். பழைய பீட்டிலோ, சிட்ரோயன் டிஎஸ்ஸோ வாங்கிச் சரி பண்ணி, ஞாயிற்றுக்கிழமை ஓட்டணும். ஆசையில் தப்பே இல்லை. ஆனால் காரின் விலை, வாங்கின அன்னைக்கு முடிஞ்சிடறதில்லை. அதுக்கப்புறம் ஸ்பேர் தேடுற செலவு ஆரம்பிக்கும். அதில் ரொம்பப் பேர் கோட்டை விடுற இடம் லைட்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். "ஒரிஜினல்" என்ற ஒரு வார்த்தைக்கு மொத்தமாகக் காசு கொடுக்காதீங்க. பாகம் பாகமாகப் பிரிச்சுப் பாருங்க.

கண்ணாடி லென்ஸ்: கீறல், விரிசல் இல்லாமல் இருந்தால் ஐம்பது வருஷம் ஆனாலும் கண்ணாடி கண்ணாடிதான். போஷ், ஹெல்லா, லூகாஸ் என்று தயாரித்தவர் பெயர் அதிலேயே பதிந்திருக்கும். கூடுதல் விலை கொடுக்கலாம் என்றால் இதுக்கு மட்டும் கொடுக்கலாம்.

ரிஃப்ளெக்டர்: பெட்டியே பிரிக்காத பழைய ஸ்டாக் என்றாலும் உள்ளே பூச்சு மங்கியிருக்கலாம். அதை மறுபடி பூச முடியும். அதனால் பேரம் பேசுங்க.

ரப்பர் கேஸ்கெட்: உபயோகிக்காமல் வைத்தாலும் இறுகிப் போகும். 1965-இல் செய்த ரப்பருக்கு "ஒரிஜினல்" விலை கொடுப்பது வீண். புதுசா செய்ததை வாங்குங்க.

அடுத்து, பொருந்துமா என்ற கேள்வி. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பீட்டில்களில் மின்சாரம் 6 வோல்ட், பிறகு 12. பல்பு வாங்கும் முன்னாடி இதைப் பாருங்க. ஜெர்மனியில் வண்டி வலப்பக்கம் ஓடும். அங்கே விற்ற லென்ஸ், வலது ஓரத்தில் வெளிச்சம் தூக்கி அடிக்கிற மாதிரி வார்க்கப்பட்டது. இடப்பக்கம் ஓட்டுகிற நம்ம ஊரில் அதை மாட்டினால், எதிரில் வருகிறவர் கண் கூசும். ஐரோப்பிய ஒப்புதல் பெற்ற லென்ஸில் அம்புக்குறி தேடுங்க. அம்புக்குறியே இல்லை என்றால் அது வலப்பக்கப் போக்குவரத்துக்கு மட்டும். இரண்டு பக்கமும் காட்டும் அம்பு இருந்தால் இரண்டுக்கும் ஆகும்.

இன்னொரு சோதனை: வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 11 பிரிட்டன். இந்த முறை 1958 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தது. "1955 காரோடு வந்த லென்ஸ்" என்று விற்கிறவரின் கண்ணாடியில் அந்த முத்திரை இருந்தால், அது பின்னாளில் செய்தது. ஓட்டுறதுக்கு நல்லா இருக்கலாம். அந்த விலைக்கு இல்லை.

இப்போ கணக்கு. லென்ஸ் 100 யூரோ, கூரியரும் காப்பீடும் 40 யூரோ என்று வைங்க. சுங்க வரி 100-க்கு மட்டும் இல்லை, கூரியரும் காப்பீடும் சேர்த்துக் கணக்கிடும் மதிப்புக்கு. அந்த மதிப்புடன் சுங்க வரியையும் சேர்த்து, அதன்மேல் ஜிஎஸ்டி. சம்பளக்காரருக்கு இன்புட் கிரெடிட்டும் கிடையாது. விலைப் பட்டியலில் பார்த்த தொகையை வைத்து பட்ஜெட் போட்டால் இடிக்கும்.

"கிளாசிக் கார் விலை ஏறுமே, இது முதலீடுதானே சார்?" என்பீங்க. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் கார், வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து ஆகாது. லாபத்துக்கு வரி இல்லை, சரி. ஆனால் நஷ்டம் வந்தால் எதிலும் கழிக்கவும் முடியாது. மாட்டின லைட்டுக்குப் போட்ட காசு தனியாகத் திரும்பி வராது. அதனால் என் கணக்கில் இது செலவு. சுற்றுலா மாதிரி, நல்ல செலவு.

செலவு என்று ஒத்துக்கிட்டால் விதி சுலபம். எஸ்ஐபியை நிறுத்தி, பர்சனல் லோன் எடுத்து லைட் வாங்காதீங்க. மாசம் ஒரு தொகை தனியா ஒதுக்குங்க. சரியான லென்ஸ் கிடைக்க ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும். இத்தனை வருஷம் தாங்கின கார், இன்னும் ஒரு வருஷம் ஷெட்டில் நிக்கும். உங்க எமர்ஜென்சி ஃபண்ட் காலியானால், அந்த ஒரு வருஷம் உங்களால் நிக்க முடியுமா?