அரை பிளேட் கேட்பவரும் வாடிக்கையாளரே!

கீழமாசி வீதி மொத்தக் கடைக்குத் துவரம் பருப்பு வாங்க வருகிறவர் எடுத்த எடுப்பில் நூறு மூட்டைக்குப் பணம் கட்டிவிடுவதில்லை. குத்தூசியை மூட்டையில் செருகி எடுத்த பருப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறார். இரண்டைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கிறார். பிறகுதான் விலை பேசுகிறார். "சாம்பிள் எல்லாம் கிடையாது, வேண்டுமானால் மூட்டையாக எடுத்துப் போ" என்று எந்த வணிகராவது சொன்னதுண்டா? ஆனால் மதுரையில் ஓட்டல் நடத்தும் நம் நண்பர்களில் பலர், ஊர் சுற்றிச் சாப்பிட வருகிறவர்களிடம் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று மதுரைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் மீனாட்சியம்மன் தரிசனத்தோடு திரும்பிவிடுவதில்லை. கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். காலையில் நாலு சட்னியோடு இட்லி, சுக்கும் கருப்பட்டியும் மணக்கும் பருத்திப்பால், மதியம் அயிரை மீன் குழம்பு, மாலையில் இலையில் வைத்த சுடச்சுட அல்வா, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா, இரவில் சிம்மக்கல் பகுதியில் கறி தோசை, அதற்கு மேல் பன் பரோட்டா என்று பட்டியல் நீளுகிறது. ஆசை பத்துக் கடைக்கு இருக்கிறது. வயிறு ஒன்றுதான் இருக்கிறது. கறி தோசையையே எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் தடித்த தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி என்று மூன்று அடுக்கு. ஒன்றை முழுதாக உண்டவர் அன்றிரவு வேறு எந்தக் கடைப் படியும் ஏறமாட்டார்.

எனவே அவர் பாதி கேட்கிறார். அல்லது நாலு பேர் உட்கார்ந்து இரண்டு பிளேட் சொல்லி, பங்கிட்டுக்கொள்ளக் காலி தட்டு கேட்கிறார். அப்போது சப்ளையர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்! சென்ற ஆண்டு வடக்கேயிருந்து வந்த என் வியாபார நண்பர் ஒருவரைக் குடும்பத்துடன் ஒரு கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். (கடையின் பெயர் வேண்டாம்.) "ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க சார், டேபிள் வேணும்" என்றார்கள். ஆளுக்கு ஒன்று வந்தது. பாதி இலையிலேயே கிடந்தது. அந்தக் குடும்பத்துக்கு அன்று அதுவே கடைசிக் கடை.

சிறிய அளவில் விற்றால் வியாபாரம் சிறுத்துவிடும் என்பது நம் அனுபவத்துக்கே மாறானது. 1983-ல் கடலூரில் தொடங்கப்பட்ட 'சிக்' ஷாம்பு, பாட்டில் வாங்க முடியாத வீடுகளுக்குள் சின்னப் பாக்கெட்டாக நுழைந்த கதையை மளிகைக் கடைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதுரையிலேயே அல்வா கடைக்காரரிடம் 50 கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் இலையில் வைத்துத் தருகிறார். அந்தக் கடையில்தான் கூட்டமும் நிற்கிறது. ஸ்பெயின் நாட்டில் சான் செபாஸ்தியான் என்றொரு கடற்கரை நகரம். அங்கே மதுக்கடைகளில் ஒரு துண்டு ரொட்டிமேல் மீனோ இறைச்சியோ வைத்துக் குச்சி செருகிக் கொடுப்பார்கள். பெயர் பின்சோ. ஒரு கடையில் ஒன்றிரண்டு துண்டு, ஒரு சிறு கிளாஸ் ஒயின். உடனே அடுத்த கடை. தட்டில் மிஞ்சிய குச்சியை எண்ணிக் கணக்குப் போடுவது பழைய வழக்கம். இந்தத் துண்டுத் தீனிக்காகவே உலகம் முழுவதிலிருந்தும் அந்த ஊருக்கு ஆள் வருகிறது. நமக்கு ஒயின் வேண்டாம், ஜிகர்தண்டா போதும்! பாலும் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அதைவிடச் சிறந்த கலவை எது?

ஓட்டல்காரர்களின் சங்கடமும் நியாயமானதே. அரை பிளேட்டுக்கும் கல் அதே நேரம் காய வேண்டும், கேஸ் அதே அளவு எரிய வேண்டும், இலை ஒன்று போட வேண்டும், மேஜை துடைக்க வேண்டும். அதனால் அரை பிளேட்டுக்கு அரை விலை என்று நான் சொல்லவில்லை. முழு பிளேட் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அரையை 120-க்கு விற்கட்டும். வாங்குபவர் மறுக்கமாட்டார். ஆனால் 120 வாங்கிக்கொண்டு கால் பங்கு கறி வைக்கிற வேலை கூடாது. கரண்டி அளவு நிர்ணயித்துச் சமையல்காரரிடம் சொல்லிவிட வேண்டும். அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு போடும் மெஸ்களுக்கு இது பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பிரியாணியில்தான் ஹாஃப், குவார்ட்டர் ஏற்கெனவே இருக்கிறதே.

உண்மையான சிக்கல் வேறு. நாலு பேர் ஆளுக்கொரு முழு பிளேட் சாப்பிட்டால் ஒரு கடைக்கு 800 ரூபாய். ஆளுக்கு அரை என்றால் 480. "எனக்கு 320 நஷ்டமாயிற்றே" என்று அந்த முதலாளி கேட்பார். அவர் ஒருவர் மட்டும் அரை பிளேட் போட்டால் நஷ்டம்தான். ஆனால் அதே நாலு பேர் அடுத்த கடையில் 480, அதற்கடுத்த கடையில் 480 கொடுக்கிறார்கள். ஊருக்கு வருவது 800 அல்ல, 1,440. அடுத்த கடையில் தொடங்குகிற இன்னொரு குடும்பம் நம்மவர் கடைக்கு வந்து முடிக்கும். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து செய்தால்தான் இது நடக்கும். ஆகவேதான் இதைத் தனித்தனியாகச் சொல்லாமல் சங்க ஏட்டில் எழுதுகிறேன்.

மொத்த வியாபாரிகளான நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஓட்டலில் இலை விரிந்தால்தான் கீழமாசி வீதியில் உளுந்து மூட்டையும் எண்ணெய் டின்னும் நகரும். பெரிய கடை ஒன்று மட்டும் நிரம்பி, பருத்திப்பால் தள்ளுவண்டியும் சந்துக்குள் இருக்கும் பரோட்டா கடையும் படுத்துவிட்டால், கடனுக்குச் சரக்குக் கொடுத்த நம் நோட்டில்தான் பாக்கி நிற்கும்.

சித்திரைத் திருவிழாக் கூட்டம் பெரிது. அப்போது புதிதாக எதையும் சோதிக்க முடியாது. கார்த்திகையில் தொடங்கும் ஐயப்ப பக்தர்கள் வருகை இதற்கு ஏற்ற காலம். ஆந்திரா, கர்நாடகத்திலிருந்து வந்து கோயிலைச் சுற்றித் தங்குகிறார்கள், விரதத்தில் இருப்பதால் சைவக் கடைகளை மட்டுமே நாடுகிறார்கள். மாசி வீதிகளில் உள்ள சைவ ஓட்டல்கள் பத்து முன்வந்து, விலைப்பலகையில் 'முழு', 'அரை' என இரண்டு வரிசை எழுதி இரண்டு மாதம் நடத்திப் பார்க்கட்டும். கணக்கை அடுத்த பொதுக்குழுவில் வைத்துப் பேசுவோம்.