"ஹீட் ஆகுது, வித்துடு" என்பவர்களுக்கு

போன வாரம் டீக்கடையில் ஒரு பையன் சொன்னான். "பெரியப்பா, எங்க டிராக்டர் ஹீட் ஆகி ஆகி நின்னு போவுது. முப்பது வருஷத்து வண்டி. தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுக்கப் போறோம்." பக்கத்தில் இருந்த நாலு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து, இதே பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போட்ட என் மேல்தான்.

2001 சித்திரையில் ஒரு விவசாயி கடன் கேட்டு வந்தார். பக்கத்து ஊர்க்காரர், எனக்கு மூத்தவர். அவருடைய பழைய டிராக்டர் ஒரு மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு இழுக்காமல் திணறி நின்றுவிடும். அரை மணி நேரம் நிழலில் விட்டால் திரும்பவும் ஸ்டார்ட் ஆகும். பட்டறையில் "ஹீட்டுதான், என்ஜினை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். செலவுக்குப் பயந்து கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் புது வண்டிக்கு மனு கொடுத்தார். நான் சிட்டா பார்த்தேன், வில்லங்கம் பார்த்தேன், நிலத்தை அடமானம் எழுதி வாங்கினேன். பழைய வண்டி ஏன் நின்றது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆவணியில் சம்பா உழவு நேரம். வேறொரு ஊரில் அதே வண்டி கேஜ் வீல் போட்டுச் சேறு அடித்துக்கொண்டிருந்தது. வாங்கியவரிடம் என்ஜின் இறக்கினீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "டீசல் டேங்க் மூடியில காத்து ஓட்டை அடைச்சிருந்துச்சு சார். ஊசியால குத்தி விட்டேன். அவ்வளவுதான்."

டீசல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். மூடியில் இருக்கும் சின்ன ஓட்டை அதற்குத்தான். அது தூசியில் அடைத்துக்கொண்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காது. வண்டி நிற்கும். நிறுத்தி வைத்தால் மெதுவாகக் காற்று கசிந்து உள்ளே போகும், மறுபடி ஓடும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு "சூடாகி நின்றது, ஆறினதும் ஓடுது" என்றுதான் தோன்றும். வண்டி நின்ற உடனே மூடியைத் திறந்திருந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்திருக்கும். காரணம் அங்கேயே தெரிந்திருக்கும்.

2002, 2003 இரண்டு வருடமும் மேட்டூர் அணை ஜூன் 12ல் திறக்கவில்லை. குறுவை போயிற்று. அவருக்குத் தவணை நின்றது. கடைசியில் ஆறு மா நிலத்தை விற்றுக் கடனை அடைத்தார். நோட்டீசில் கையெழுத்துப் போட்டவனும் நானே.

அதனால்தான் சொல்கிறேன். ஹீட் என்பது வாயால் சொல்லிவிடும் சங்கதி இல்லை. டாஷ்போர்டில் அதற்கென்று ஒரு முள் இருக்கிறது. நம் ஊரில் பாதி வண்டிகளில் அது வேலை செய்யாது, சரி பண்ணவும் மாட்டோம். முதலில் அதைச் சரி பண்ணுங்கள். முள் ஏறாமல் வண்டி நின்றால் டீசல் வரும் வழியைப் பாருங்கள்: மூடி, டேங்கின் அடிக்கசடு, பில்டர், காற்றுப் பிடித்திருக்கிறதா என்பது. முள் ஏறி நின்றால் ரேடியேட்டர், பேன் பெல்ட், தண்ணீர். இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகு என்ஜினை இறக்குவதைப் பற்றிப் பேசலாம்.

இரண்டாவது கோபம் தெர்மோஸ்டாட் விஷயத்தில். ஹீட் என்றதும் அதைக் கழற்றி எறிவது ஒரு வைத்தியமாகவே ஆகிவிட்டது. ஏறக்குறைய 80 டிகிரி வந்த பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்து விடுவது அதன் வேலை. அதைப் பிடுங்கிவிட்டால் லேசான வேலையில் என்ஜின் உரிய சூட்டுக்கே வராது. டீசல் சரியாக எரியாமல் ஆயிலில் இறங்கும், லைனர் தேயும். சில என்ஜின்களில் வெந்நீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடுவதால் ஹீட் இன்னும் கூடும். பழுதாயிருந்தால் புதிதாக ஒன்று மாட்டுங்கள். வெந்நீரில் போட்டுப் பார்த்தால் திறக்கிறதா இல்லையா என்பது வீட்டு அடுப்படியிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, போர் தண்ணீர். நம் வீட்டு வெந்நீர்ப் பானையில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதேதான் என்ஜினுக்குள்ளும் படிகிறது. உப்புப் படிந்த இடத்தில் சூடு வெளியே போகாது. காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஹெட்டை விரிசல் விட வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டர் மூடியும் குக்கர் வெயிட் மாதிரிதான். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பம்புக்குள் எண்ணெய்ப் பசை கொடுப்பதே டீசல்தான். அதில் மிச்சம் பிடித்த காசைப் பம்புக்கடையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

"புது வண்டியே கூடாதா?" என்று கேட்பீர்கள். பெரிய ரோட்டவேட்டர் இழுக்கக் குதிரைத்திறன் வேண்டும், வாடகை வேலை நிறைய இருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள், தவணை கட்ட வழி இருக்கும். அடைத்துக்கொண்ட ஓர் ஓட்டைக்குப் பயந்து நிலத்தை அடமானம் வைக்காதீர்கள் என்பதுதான் என் பேச்சு. என் வீட்டில் இருக்கும் 1988 மாடல் மாஸ்ஸி 1035 இந்த வருடமும் நாற்றங்கால் உழுதது. தினமும் சாயங்காலம் டேங்கை நிரப்பிவிடுவேன், ராத்திரி ஈரம் உள்ளே வேர்த்துத் தண்ணீர் சேராது. அதற்கு நான் செய்யும் பெரிய உபசாரம் அவ்வளவுதான்.

அந்தப் பையன் வீட்டுக்கு மறுநாள் போனேன். மூடி ஓட்டை நன்றாகவே இருந்தது. முள் நிஜமாகவே ஏறியது. முன்பக்க ஜாலியைக் கழற்றினால் ரேடியேட்டர் முழுக்கப் பதரும் தூசியும் களிமண் பூசினாற்போல அடைத்துக் கிடந்தது. தெர்மோஸ்டாட்டை எவனோ எப்போதோ கழற்றியிருக்கிறான். பேன் பக்கத்திலிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்து, புது தெர்மோஸ்டாட் போட்டு, தொய்ந்து கிடந்த பெல்ட்டை இறுக்கினோம். இரண்டு மணி நேரம் உழவு ஓட்டினான். முள் நடுவிலேயே நின்றது.

"இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் பெரியப்பா" என்றான். பார்க்கட்டும். வங்கிக்கு அடுத்த வாரமும் போகலாம்.