100 கிராம் மட்டுமா காரணம்? மீண்டும் மல்லுக்கட்ட வரும் வினேஷ் போகத் முன் நிற்கும் கேள்வி

சண்டிகர்: பாரிஸ் ஒலிம்பிக்கில் வெறும் 100 கிராம் எடை கூடியதால் பதக்கத்தை இழந்த மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத், ஓய்வு முடிவைக் கைவிட்டு 2028ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு தயாராகப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தார். ரசிகர்களுக்கு ஏக குஷி. ஆனால் எந்த எடைப் பிரிவில் மோதப் போகிறார் என்பதுதான் இப்போது பெரிய கேள்வி.

சும்மா கேட்கிற கேள்வி இல்லை இது. வினேஷின் சர்வதேச கணக்கைப் புரட்டிப் பார்த்தால், எதிராளிகளோடு மோதிய அளவுக்கு எடை மெஷினோடும் அவர் மல்லுக்கட்டியிருப்பது தெரியும்.

பெரியப்பா போட்ட பாதை

அரியானா மாநிலம் பலாலி கிராமத்தில் 1994ல் பிறந்தவர் வினேஷ். 9 வயது இருக்கும்போதே அப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். மல்யுத்தம் கற்றுக் கொடுத்தவர் பெரியப்பா மகாவீர் போகத். அமீர்கான் நடித்து 2016ல் வெளியான 'தங்கல்' படத்தின் நிஜ நாயகன் இவர்தான்.

2014ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 48 கிலோ பிரிவில் தங்கம். அதே ஆண்டு இன்சியான் ஆசிய போட்டியில் வெண்கலம். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

முதல் அடி 2016ல் விழுந்தது. மங்கோலியாவில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் 400 கிராம் எடை கூடிப்போய் வெளியேற்றப்பட்டார். பிறகு இஸ்தான்புல்லில் ஜெயித்து ரியோ டிக்கெட் வாங்கினார். அங்கே காலிறுதியில் சீன வீராங்கனையுடன் மோதியபோது முழங்கால் முறிந்தது போல வலி, ஸ்ட்ரெச்சரில்தான் வெளியே வந்தார்.

அதோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் 2018ல் 50 கிலோ பிரிவில் காமன்வெல்த் தங்கம், ஜகார்த்தா ஆசிய போட்டியிலும் தங்கம்! ஆசிய போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை அவர்தான்.

உடம்பு கேட்ட எடை

அடுத்து 53 கிலோவுக்கு மாறினார். 2019, 2022 உலக சாம்பியன்ஷிப்களில் வெண்கலம், 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் தங்கம் என வந்தவை எல்லாமே இந்தப் பிரிவில்தான். இடையில் 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் காலிறுதியோடு ஏமாற்றம்.

2023ல் நிலைமை தலைகீழானது. அப்போதைய மல்யுத்த கூட்டமைப்பு தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் புகார் கூறி டெல்லி ஜந்தர் மந்தரில் வீராங்கனைகள் போராட்டத்தில் குதித்தனர். முன்வரிசையில் இருந்தார் வினேஷ். புகார்களை பிரிஜ் பூஷண் மறுத்தார். மாதக்கணக்கில் நடந்த போராட்டம், ஆகஸ்டில் முழங்கால் ஆபரேஷன் என அந்த ஆண்டே போய்விட்டது.

இந்த நேரத்தில் இளம் வீராங்கனை அந்திம் பங்கல் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்று, 53 கிலோவில் இந்தியாவுக்கு ஒலிம்பிக் இடம் வாங்கித் தந்தார். வினேஷுக்கு பிடித்த எடையில் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. வேறு வழி? 2024 மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த தேர்வுப் போட்டியில் 50, 53 என இரண்டு பிரிவிலும் இறங்கிப் பார்த்தார். 50 கிலோதான் கை கொடுத்தது.

பாரிசில் அந்த இரவு

2024 ஆகஸ்ட் 6. யாரும் எதிர்பார்க்காத அதிரடி. வெளிநாட்டு வீராங்கனை யாரிடமும் தோற்றதே இல்லாத ஜப்பானின் யுய் சுசாகியை கடைசி விநாடிகளில் 3-2 என மண்ணைக் கவ்வ வைத்தார். உக்ரைன், கியூபா வீராங்கனைகளையும் வீழ்த்தி இறுதிப் போட்டிக்குள் நுழைந்தார். ஒலிம்பிக்கில் இதுவரை எந்த இந்திய வீராங்கனையும் மல்யுத்த இறுதிக்கு போனதில்லை.

ஆனால் மூன்று மோதலுக்கும் தெம்பு வேண்டுமே! சாப்பாடும் தண்ணீரும் உள்ளே போனதும் இரவுக்குள் எடை 2 கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது. விடிய விடிய பட்டினி, உடற்பயிற்சி, நீராவிக் குளியல். தலைமுடியைக் கூட வெட்டினார்கள். காலையில் மெஷின் காட்டியது 50 கிலோ 100 கிராம். போட்டி நடக்கும் இரண்டு நாளும் காலையில் எடை சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி இடம் என்பது விதி. வெள்ளியையாவது பகிர்ந்து கொடுங்கள் என்று விளையாட்டு நடுவர் மன்றத்தில் செய்த அப்பீலும் ஆகஸ்ட் 14ல் தள்ளுபடியானது.

பாடம் படித்தார்களா?

அதே பாரிசில் 57 கிலோ பிரிவில் ஆடிய அமன் ஷெராவத், ஒரே இரவில் 4.6 கிலோவை குறைத்து வெண்கலம் வாங்கினார். நாடே பாராட்டியது. அதே அமன் 2025 செப்டம்பரில் ஜாக்ரெப் உலக சாம்பியன்ஷிப்பில் 1.7 கிலோ கூடுதலாக இருந்ததால் களம் இறங்காமலே திரும்பினார். ஒரு முறை தப்பினால் சாதனை, மறுமுறை மாட்டினால் கேவலம் என்பதா கணக்கு?

விதியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். 53 கிலோவில் பதக்கம் குவித்தவர் ஒலிம்பிக்குக்கு சில மாதம் முன்பு 50க்கு இறங்க வேண்டி வந்ததே, தவறு அங்கேதான் ஆரம்பித்தது.

இப்போது வினேஷ் ஜுலானா தொகுதியில் 2024ல் ஜெயித்த காங்கிரஸ் எம்.எல்.ஏ. 2025 ஜூலையில் ஒரு ஆண் குழந்தைக்கு தாயும் ஆகியிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் வரும்போது வயது 33 முடியும் தறுவாயில் இருக்கும். அந்த வயதில் உடம்பை வாட்டி வதைத்து எடையைக் குறைப்பது விபரீதம். எந்தப் பிரிவு, தேர்வுப் போட்டி எப்போது, யாருக்கு வாய்ப்பு என்பதை கூட்டமைப்பு இப்போதே பளிச்சென்று சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் இழுத்தடித்தால் இன்னொரு வீராங்கனை இன்னொரு இரவில் சைக்கிள் மிதித்து அழ வேண்டியதுதான்.