கேட்டுப் பெற வேண்டிய கணக்கு

பாடசாலை மக்களின் சொத்து. அதன் கட்டடம் மக்களின் வரிப்பணத்தில் எழுந்தது. அங்கு கற்பிப்போரின் சம்பளமும் மக்களின் பணமே. அங்கு பயிலுவோர் மக்களின் பிள்ளைகள். அங்ஙனமாயின் அப்பாடசாலையின் கணக்கேடு மட்டும் யாருடைய சொத்து? இக்கேள்வியை எமது பெற்றோர் முன்னிலையில் இன்று வைக்க விரும்புகின்றோம்.

இந்நாட்டில் 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழைக் கமக்காரரின் பிள்ளையும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் உயரலாம் என்ற நம்பிக்கையை ஊட்டியது அதுவே. ஆயின் இலவசம் என்ற சொல் எம்மவர் பலரை ஊமைகளாக்கிவிட்டது. தருமமாகக் கிடைப்பதற்குக் கணக்குக் கேட்பது முறையோ என்று தயங்குகின்றனர். இது தருமமன்று, உரிமை. உரிமையுடையவன் கணக்குக் கேட்பது குற்றமாகாது.

கணித ஆசிரியர் மாற்றலாகிச் சென்று தவணைகள் பல கழிந்தும் அவ்விடம் வெறுமையாயிருக்கும். அயலிலுள்ள பெரிய பாடசாலையிலோ அதே பாடத்துக்குத் தேவைக்கு மிஞ்சிய ஆசிரியர் இருப்பதாக ஊரார் பேசிக்கொள்வர். அத்திவாரமிட்ட கட்டடம் கூரையின்றி மழையில் நனையும். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கச் சென்றவர், நேர்முகப் பரீட்சையில் எத்தனை புள்ளி, எதனாற் குறைந்தது என்றறியாமலே திரும்புவர். வலயக் கல்விக் கந்தோரின் படியேறினால், “கோவை மேலிடத்துக்குப் போயிருக்கிறது” என்ற ஒரே மறுமொழி கிடைக்கும். இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனவர்கள் எம் வாசகர்களுட் பலர் என்பதை அறிவோம்.

இம்மறுமொழிக்கு இன்று சட்டத்தில் இடமில்லை. தகவலை அறியும் உரிமை, 2015 ஆம் ஆண்டின் பத்தொன்பதாம் திருத்தத்தினால் அரசியலமைப்பின் 14அ உறுப்புரையில் அடிப்படை உரிமையாகப் பொறிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2017 பெப்ரவரி 3 ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. கல்வி அமைச்சும், மாகாணக் கல்வித் திணைக்களமும், அவற்றின் கீழுள்ள வலயக் கந்தோர்களும் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அவற்றின் கையிலுள்ள ஆவணங்களைப் பார்வையிடவும், குறிப்பெடுக்கவும், உறுதிப்படுத்திய பிரதி பெறவும் எமக்கு உரிமையுண்டு.

வழி கடினமானதன்று. தகவல் அலுவலரிடம் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குறித்த படிவம் இல்லையென்றாலும் வெள்ளைக் கடதாசி போதும், தமிழிலேயே எழுதலாம். எழுத இயலாதவர் வாயாற் கூறினால், அலுவலர் அதனை எழுத்தில் இடக் கடமைப்பட்டவர். ஏன் கேட்கின்றீர் என்ற வினாவுக்கு விடையளிக்கத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டைப் பெறாமல் மட்டும் கந்தோரை விட்டு வெளியேறாதீர்கள். பின்னர் மேன்முறையீட்டுக்கு அதுவே சாட்சி.

தருவதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலும், காலம் கடத்தினாலும், குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையிடலாம். அங்கும் நியாயம் கிடையாதெனின், இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்குச் செல்லலாம். ஆவணத்தை அழிப்பதும் மறைப்பதும் வேண்டுமென்றே பொய்த்தகவல் தருவதும் தண்டனைக்குரிய குற்றங்கள்.

சட்டத் தொழிலில் பழகிய அனுபவத்தால் ஒன்றை இங்கு வற்புறுத்துகின்றோம். “எமது பாடசாலையை ஏன் புறக்கணிக்கின்றீர்கள்?” என்று எழுதுபவருக்கு ஆவணம் கிடையாது; சமாதானமே கிடைக்கும். வலயத்திலுள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி எவ்வளவு, இன்று கடமையிலுள்ளோர் எத்தனை பேர் என்று பாடவாரியாகக் கேளுங்கள். குறித்த கட்டடத்துக்கு எந்த ஆண்டில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, ஒப்பந்தக்காரருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். ஆண்டையும் பாடசாலையையும் ஆவணத்தையும் குறிப்பிட்டுக் கேட்பவருக்கு மழுப்பல் விடை அளிப்பது அரிது.

வாய்க்காலில் நீர் வராவிட்டால் கமக்காரர் என்ன செய்கின்றார்? வயலோரம் நின்று வானத்தை நோக்கி ஏசுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடந்து, எங்கே அடைபட்டது, யார் வரம்பை வெட்டினார் என்று பார்க்கின்றார். திறைசேரியிலிருந்து பாடசாலைக்கு வரும் பணமும் அவ்வண்ணம் ஓடும் நீரே. உகண்டா நாட்டில் 1991 முதல் 1995 வரை அரசாங்கம் ஆரம்பப் பாடசாலைகளுக்கென ஒதுக்கிய தலைவரி மானியத்தில், சராசரியாக நூற்றுக்குப் பதின்மூன்று பங்கே பாடசாலைகளைச் சென்றடைந்தது என ஆய்வாளர் கண்டனர். பின்னர் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பிய தொகை பத்திரிகைகளில் வெளியிடப்பட்டது. பாடசாலைச் சுவர்களிலும் ஒட்டப்பட்டது. 2001 ஆம் ஆண்டளவில் அப்பங்கு எண்பதுக்கு மேல் உயர்ந்தது. வேறு சீர்திருத்தங்களும் அதற்குத் துணைநின்றிருக்கலாம். ஆயினும், வர வேண்டிய தொகை எவ்வளவென்று அறிந்த பெற்றோரை ஏமாற்றுதல் கடினம் என்பதில் ஐயமில்லை.

பெற்றோரின் அச்சத்தை நாம் அறியாதவரல்லேம். “நான் கேட்டால் என் பிள்ளையை அல்லவா பழிவாங்குவார்கள்?” என்பதே அவ்வச்சம். அதனை ஏளனஞ் செய்ய நாம் துணியோம். ஆயின் அதற்கும் சட்டத்திலேயே மருந்துண்டு. அங்கத்தவருள் முக்காற் பங்கினர் பிரசைகளாயுள்ள எந்தச் சங்கமும் தன் பெயரிலேயே தகவல் கோரலாம். கமக்காரர் அமைப்பு கேட்கலாம்; சனசமூக நிலையம் கேட்கலாம்; பழைய மாணவர் சங்கம் கேட்கலாம். தனியொரு தந்தையின் கையொப்பத்தைக் கண்டு சினங்கொள்பவரும், ஊரே சேர்ந்து கேட்கும்போது ஆரை எவ்விதம் பழிவாங்க முடியும்?

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. நேர்மையாகக் கடமையாற்றும் அதிபருக்கும் பணிப்பாளருக்கும் இச்சட்டம் பகையன்று. அரசியல்வாதியின் சிபார்சுக்கு இணங்க மறுக்கும் அலுவலருக்கு, “இக்கோவையை நாளை மக்கள் கேட்பார்கள்” என்று கூறுவதைவிடச் சிறந்த அரண் வேறு யாது? அதேவேளை, கேட்போரும் எல்லை அறிதல் வேண்டும். மாணவரின் அந்தரங்க விபரங்களும் ஆசிரியரின் நோய் விபரங்களும் ஊர்ப்பேச்சுக்கு உரியனவல்ல. பொதுநலனுக்குத் தொடர்பற்ற தனிப்பட்ட தகவலை மறுக்கச் சட்டம் இடமளிக்கின்றது, அது நியாயமே. சொந்தப் பகையைத் தீர்க்க இக்கருவியை எடுப்பவர், உண்மையாகவே குறையுடையோரின் குரலையும் மதிப்பிழக்கச் செய்கின்றார்.

கடதாசி ஒன்று கைக்கு வந்ததும் ஆசிரியர் வந்துவிடுவார் என்று நாம் கூறவில்லை. ஆயின் வெற்றிடம் ஐந்து என்று கந்தோரே கையொப்பமிட்டுத் தந்த பின்னர், வெற்றிடம் இல்லையென்று மேடையில் எவரும் முழங்க முடியாது. வதந்தியோடு சென்றால் விரட்டுவர். ஆவணத்தோடு சென்றால் அமரச் சொல்வர். மாகாண அமைச்சிடமோ நீதிமன்றத்திடமோ செல்வதற்கு முன் எமக்கு வேண்டிய முதற்படி அதுவே.

எமது கிராமங்களிலுள்ள சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை இப்பணிக்கு ஒதுக்க வேண்டுமென வேண்டுகின்றோம். கமக்காரருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். விடை வந்தால் வாசித்து விளக்குங்கள். வராவிட்டால் மேன்முறையீடு எழுதிக் கொடுங்கள். அடுத்த தவணை தொடங்குமுன் ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு விண்ணப்பமேனும் வலயக் கந்தோரைச் சென்றடையட்டும். அழுத பிள்ளைக்கே பால் என்பர். அழ வேண்டாம்; உரியதை உரிய முறையில் கேட்போம்.