புனர்வாழ்வு: எண்ணிக்கையா, விளைவா?

‘புனர்வாழ்வு’ என்ற சொல்லைக் கேட்டதும் வடக்கு கிழக்கில் வாழும் எங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது முட்கம்பி வேலிதான். 2009 மே மாதத்துக்குப் பின்னர் சரணடைந்தவர்களும் பிடிக்கப்பட்டவர்களுமாகச் சுமார் 12,000 முன்னாள் போராளிகள் இந்தச் சொல்லின் பெயரால்தான் தடுத்துவைக்கப்பட்டார்கள். அந்த நிலையங்களுக்குப் பொறுப்பான ஆணையாளர் நாயகங்களாக இராணுவ உயரதிகாரிகள் இருந்தார்கள். ஆகவே இந்தச் சொல் எமது மக்களுக்கு ஒரு சிகிச்சையையோ சேவையையோ குறிப்பதில்லை. அது ஒரு காவலைக் குறிக்கிறது.

இதே சொல் அமெரிக்காவில் ஒரு தொழிலின் பெயர். ‘புனர்வாழ்வு உளவளத்துணை’ அங்கு பல்கலைக்கழகங்களில் முதுமாணிக் கற்கைநெறியாகக் கற்பிக்கப்படுகிறது. அந்தக் கற்கைநெறிகள் ஆண்டுதோறும் தமது விளைவுகளையும், அவற்றைப் பார்த்துத் தாம் செய்த மாற்றங்களையும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அப்படியான அறிக்கைகள் சிலவற்றை அண்மையில் படித்தேன். அவற்றில் எமக்குப் படிப்பினையாக இருப்பவையும் எச்சரிக்கையாக இருப்பவையும் உண்டு. போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும் எமது பகுதியில் கேட்கப்படாத ஒரு கேள்வியை அவை எழுப்புகின்றன என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போரில் பிறந்த துறை

இந்தத் துறையும் போரிலிருந்துதான் பிறந்தது. முதலாம் உலகப் போரில் காயமடைந்து திரும்பிய படையினருக்குத் தொழிற்பயிற்சி வழங்க 1918இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1920இல், அந்த உரிமை குடிமக்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 1954இல் நிறைவேற்றப்பட்ட சட்டம், இந்த வேலையைச் செய்பவர்களைப் பயிற்றுவிப்பதற்குப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய அரசின் நிதியை வழங்கியது. முதுமாணிக் கற்கைநெறிகள் பரவலானது அதன் பின்னர்தான்.

ஆனால் சட்டம் மட்டும் போதவில்லை. 1973ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, அரச நிதி பெறும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்றது. அதற்கான ஒழுங்குவிதிகள் கையொப்பமிடப்படாமலே ஆண்டுக்கணக்கில் கிடந்தன. 1977 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் அரச கட்டடம் ஒன்றுக்குள் புகுந்து மூன்று வாரங்களுக்கும் மேலாக அங்கேயே தங்கிப் போராடினார்கள். அதன் பின்னரே கையொப்பம் விழுந்தது. பாதிக்கப்பட்டவர்கள் தாமே கேட்டுப் பெற்றதால், அங்கு ‘புனர்வாழ்வு’ என்ற சொல் உரிமையின் பக்கம் சாய்ந்தது.

புனர்வாழ்வு உளவளத்துணையாளர் என்ன செய்வார்? முள்ளந்தண்டில் செல் துண்டு தங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரால் எந்த வேலையைச் செய்ய முடியும், அதற்கு என்ன உபகரணம் வேண்டும், வேலைத்தளத்தில் எதை மாற்ற வேண்டும், அவருக்கு என்ன சட்ட உரிமை இருக்கிறது, இழப்பின் துயரம் அவரை எங்கே தடுக்கிறது, குடும்பம் எதற்குப் பயப்படுகிறது என்பதையெல்லாம் ஒரே ஆள் அவரோடு சேர்ந்திருந்து பார்ப்பார். திட்டம் அவருடைய விருப்பத்தின்படி எழுதப்படும். எங்களிடத்தில் இதே மனிதர் வைத்தியசாலை, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், தொண்டு நிறுவனம், தொழிற்பயிற்சி நிலையம் என்று ஐந்து வாசல்களில் நிற்க வேண்டும். ஒரு வாசலில் சொன்னது மற்ற வாசலுக்குத் தெரியாது.

வன்னியில் எனக்குத் தெரிந்த ஒருவர் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவர். ஒரு நிறுவனம் அவருக்குக் கோழி வளர்ப்புக்கு உதவியது. கூடு வளவின் பின்பக்கத்தில், மணலில் அமைக்கப்பட்டது. சக்கர நாற்காலி அந்த மணலில் புதையும். கோழிகளைப் பார்ப்பது கடைசியில் மனைவியின் தலையில் விழுந்தது. ஆனால் பயனாளிகள் பட்டியலில் அவர் ‘வாழ்வாதாரம் பெற்றவர்’. கொடுத்தவர்களின் மனதில் குறையில்லை. வீட்டு வளவைச் சுற்றிப் பார்த்து, ‘அண்ணை, இந்த இடத்துக்கு நாற்காலி வருமா?’ என்று கேட்கப் பயிற்றப்பட்ட ஒருவர்தான் அங்கு இருக்கவில்லை.

அறிக்கை எதைக் கேட்கிறது?

அமெரிக்காவில் உளவளத்துணைக் கற்கைநெறிகளுக்குத் தரச்சான்று வழங்கும் சபை, தனது அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கற்கைநெறியும் சில விபரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்கிறது. எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை வீதமானோர் முடித்தார்கள், தொழில் தகைமைப் பரீட்சையில் எத்தனை வீதமானோர் சித்தியடைந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பன அவை. பட்டதாரிகளிடமும், களப்பயிற்சியை மேற்பார்வை செய்தவர்களிடமும், வேலைக்கு அமர்த்தியவர்களிடமும் கருத்துக் கேட்க வேண்டும். அந்தக் கருத்துகளின் அடிப்படையில் கற்கைநெறியில் என்னென்ன மாற்றப்பட்டன என்பதையும் எழுத வேண்டும். ஒவ்வொரு மாணவரும் 100 மணித்தியால ஆரம்பக் களப்பயிற்சியையும் 600 மணித்தியால உள்ளகப் பயிற்சியையும் முடிக்க வேண்டும்.

சேவை பெறுபவர்கள் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. மாநிலத் தொழில்சார் புனர்வாழ்வு முகவரகங்கள் ஒருவரின் கோவையை வெற்றி என்று மூடுவதற்கு அவர் குறைந்தது 90 நாட்கள் வேலையில் நிலைத்திருக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, சேவை முடிந்த பின்னர் இரண்டாம் காலாண்டிலும் நான்காம் காலாண்டிலும் அவர் வேலையில் இருக்கிறாரா என்றும், இடைநிலை வருமானம் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். வாசலால் வெளியே அனுப்பியதோடு கணக்கு முடிவதில்லை.

மாற்றங்களின் விலை

இதைப் படித்து, அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைக்கத் தேவையில்லை. 1972இல் இருந்து புனர்வாழ்வுக் கற்கைநெறிகளுக்கெனத் தனியாக இயங்கிய தரச்சான்றுச் சபை, 2017 ஜூலையில் பொதுவான உளவளத்துணைச் சபையோடு இணைந்தது. முன்பு 48 அலகுகளாக இருந்த கற்கைநெறிகள் 60 அலகுகளாக நீண்டன. பல கற்கைநெறிகள் மனநலச் சிகிச்சையின் பக்கம் பாடத்திட்டத்தை நகர்த்தின. இதனால் பட்டதாரிகளுக்கு மனநல உளவளத்துணையாளராக உரிமம் பெறும் வழி இலகுவானது. அவர்களின் தகைமை உயர்ந்தது, சம்பளமும் உயரக்கூடும்.

மறுபக்கத்தில், எந்த மாநில முகவரகங்களுக்காக இந்தக் கற்கைநெறிகள் தொடங்கப்பட்டனவோ, அவை ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கின்றன. 2014ஆம் ஆண்டின் சட்டம், முதுமாணி இல்லாமலும், தொடர்புள்ள துறையில் இளமாணிப் பட்டமும் குறைந்தது ஓராண்டு அனுபவமும் உள்ளவர்களை நியமிக்க வழிவிட்டது. ஒருபக்கம் படிப்பு நீளமாகிறது. மறுபக்கம் அந்தப் படிப்பு இல்லாமலே வேலை நடக்கிறது. ஒரு கற்கைநெறி ‘எமது பட்டதாரிகள் அனைவரும் வேலையில் இருக்கிறார்கள்’ என்று உண்மையாகவே எழுதலாம். அவர்கள் எல்லோரும் நகரத்துத் தனியார் சிகிச்சை நிலையங்களில் இருந்தால், கிராமத்தில் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்த வீதத்தால் பயனில்லை.

இதற்கு அங்கே ஓரளவு மருந்தும் உண்டு. மத்திய அரசின் புலமைப்பரிசில் பெறும் மாணவர், உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு ஆண்டுகள் அரச அல்லது அதனோடு தொடர்புடைய முகவரகத்தில் சேவை செய்ய வேண்டும். இல்லையேல் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். வைத்தியர்களும் பொறியியலாளர்களும் வெளிநாடு போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எமக்கு இந்த நிபந்தனை ஏன் தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

எமது கணக்கு

இலங்கை அரசாங்கம் உள்நாட்டிலும் ஜெனீவாவிலும் திரும்பத் திரும்பச் சொன்னது ஓர் எண்ணிக்கையை: இத்தனை ஆயிரம் பேர் புனர்வாழ்வளிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள். அது வாசலால் வெளியே வந்தவர்களின் எண்ணிக்கை. வெளியே வந்த பின்னர் அவர்கள் கண்டது புலனாய்வாளர்களின் விசாரணையையும், வேலை கொடுக்கப் பயந்த முதலாளிகளையும், ஊராரின் சந்தேகப் பார்வையையும். வன்னியில் பலருக்குக் கிடைத்த வேலை சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும்தான். சம்பளம் வந்தது உண்மை. அந்தச் சம்பளமும் பாதுகாப்புத் துறையின் கையால்தான் வந்தது.

விளைவை சுயாதீனமாகப் பின்தொடராவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2016இல் பார்த்தோம். விடுவிக்கப்பட்ட முன்னாள் போராளிகளின் மரணங்கள் பற்றிப் பேச்சு எழுந்தபோது, தடுப்பில் விச ஊசி ஏற்றப்பட்டதாகச் சந்தேகம் பரவியது. அது மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் எத்தனை குடும்பங்கள் அன்று நித்திரையில்லாமல் இருந்தன! மக்கள் நம்பக்கூடிய ஒரு நிறுவனம் அவர்களின் உடல்நலத்தையும் வாழ்வையும் ஆண்டுதோறும் பதிவு செய்திருந்தால், அச்சத்துக்கு ஒரு பதில் இருந்திருக்கும்.

உளவளத்துணைக்கும் இதே கதிதான். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் போர்க்காலத்திலேயே ‘மனவடு’ பற்றித் தமிழில் எழுதினார்கள், களப்பணியாளர்களைப் பயிற்றுவித்தார்கள். சாந்திகம் போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளர்களை உருவாக்கின. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையம் 1987இல் இருந்தே இயங்குகிறது. அனுபவம் எம்மிடம் இல்லாமல் இல்லை. ஆனால் 2009க்குப் பின்னர் வடக்கில் எந்த வேலைக்கும் ஜனாதிபதி செயலணியின் அனுமதி தேவைப்பட்டது. வீதிக்கும் கட்டடத்துக்கும் கிடைத்த அனுமதி, மனங்களோடு பேசும் வேலைக்கு இலகுவில் கிடைக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரச வேலைகளில் 3 வீதம் என்ற சுற்றறிக்கை 1988ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 2016 பெப்ரவரியில் இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 26ஆவது உறுப்புரை, புனர்வாழ்வுச் சேவைகள் தன்விருப்பின் பேரில் அமைய வேண்டும், கிராமங்கள் உட்பட மக்கள் வாழும் இடத்துக்கு அண்மையில் கிடைக்க வேண்டும், அதற்கான பணியாளர்களின் பயிற்சியை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. ‘தன்விருப்பு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே அரசு 2022இல் கொண்டுவந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தில் முன்னாள் போராளிகளையும் சேர்த்திருந்தது. உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறிய பின்னரே, 2023 ஜனவரியில் திருத்தங்களோடு சட்டம் நிறைவேறியது.

எமக்கு வேண்டியது

யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்குப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தமிழ் மொழியில் புனர்வாழ்வு உளவளத்துணை முதுமாணிக் கற்கைநெறி ஒன்றைத் தொடங்குவது பற்றி யோசிக்க வேண்டும். மருத்துவம், உளவியல், சட்டம், வாழ்வாதாரம் நான்கும் அதில் ஒன்றாக இருக்க வேண்டும். போரில் அவயவம் இழந்தவர்களுக்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தவர்களுக்கும் அனுமதியில் இடம் ஒதுக்க வேண்டும். அவர்களுக்குத் தெரிந்ததைப் பாடப்புத்தகம் கற்பிக்காது. புலமைப்பரிசில் பெறுபவர்கள் முல்லைத்தீவிலோ மன்னாரிலோ வாகரையிலோ சில ஆண்டுகள் சேவை செய்வது நிபந்தனையாக வேண்டும். சேவை பெறுபவர் சொல்வது எந்தப் பாதுகாப்புத் தரப்புக்கும் போகாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அந்த உறுதி இல்லாமல் எமது மக்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுதோறும் ஒரு பகிரங்க அறிக்கை வேண்டும். எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பதோடு நிற்காமல், அவர்களிடம் வந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னரும் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் இடையில் வராமல் விட்டார்கள், ஏன், அதைப் பார்த்து எதை மாற்றினோம் என்று அதில் எழுத வேண்டும். அமெரிக்க அறிக்கைகளில் குறைவாக இருக்கும் பகுதியும் இதுதான்.

இதற்குக் கொழும்பின் தயவை மட்டும் பார்த்திருக்கத் தேவையில்லை. பல்கலைக்கழக மூதவைகளும் புலம்பெயர்ந்த எமது துறைசார் அறிஞர்களும் பாடத்திட்டத்தை எழுதத் தொடங்கலாம். இறுதி யுத்தத்தில் இருபது வயதில் காயமடைந்தவர்கள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள் அல்லது கடந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்துவந்த தாய் தகப்பன் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னர் யார் என்ற கேள்விக்கு இன்னும் பத்து ஆண்டுகள் காத்திருக்க முடியாது.