அவருடைய பெயர் என்ன?



ஒரு திரைப்படம் முடிந்து அறையின் விளக்கு எரியும்போது, அங்கே இருப்பவர்களின் முகங்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிலர் கண்களைத் துடைத்துக்கொள்வார்கள். சிலர் நேரத்தைப் பார்ப்பார்கள். இன்னும் சிலர், தாம் கண் கலங்கியதைப் பிறர் அறியாதிருக்க, நேரத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார்கள். சில மாதங்களுக்கு முன்னர், மாளிகாவத்தைத் தொடர்மாடிக் குடியிருப்பின் சிறிய வீடொன்றில் இம்மூவகையினரையும் ஒருங்கே கண்டேன்.

அன்று அன்பியக் குழுவின் செபமாலை முடிந்தபின், கூடியிருந்த ஐந்தாறு குடும்பங்களோடு அமர்ந்து 'மெய்யழகன்' திரைப்படத்தைப் பார்த்தேன். பிரேம்குமார் இயக்கத்தில் அரவிந்த்சாமியும் கார்த்தியும் நடித்து, 2024 செப்டம்பர் 27ஆம் திகதி வெளியான படம் அது. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொத்துத் தகராறில் உறவினரிடம் வீட்டைப் பறிகொடுத்த ஒரு குடும்பம், 1996இல் தஞ்சாவூரை விட்டுச் சென்னைக்குப் போய்விடுகிறது. இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர், தங்கை முறையான பெண்ணின் திருமணத்துக்காக அக்குடும்பத்தின் மகன் அருள்மொழி நீடாமங்கலத்துக்கு வருகிறார். தலையைக் காட்டிவிட்டு அன்றிரவே திரும்பிவிடுவதுதான் அவருடைய எண்ணம். ஆனால் அங்கே ஒருவர் "அத்தான், அத்தான்" என்று அழைத்தபடி அவருடனேயே ஒட்டிக்கொள்கிறார். உணவு பரிமாறுகிறார். பேருந்து தவறிப்போக, தம் வீட்டிலேயே தங்கவைக்கிறார். இரவு முழுவதும் பேசிக்கொண்டே இருக்கிறார். அருள்மொழி விட்டுச்சென்ற பழைய சைக்கிள் தம் குடும்பத்துக்கு எப்படி வாழ்வளித்தது என்று சொல்கிறார். பிறக்கவிருக்கும் தம் பிள்ளைக்கு அவருடைய பெயரையே வைக்கப்போவதாகவும் சொல்கிறார். இவ்வளவு அன்பு செலுத்தும் அந்த மனிதரின் பெயர் மட்டும் அருள்மொழிக்கு நினைவில்லை. அந்த வெட்கம் தாளாமல் விடியுமுன்னரே சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிடுகிறார்.

இவ்வளவுதான் கதை. கொலை இல்லை, பழிவாங்கல் இல்லை, வில்லன் என்று சொல்லத்தக்க எவரும் இல்லை. சாதாரண மனிதர் ஒருவர் தம் வாழ்வில் மகிழ்ந்திருக்கிறார். அந்த மகிழ்ச்சியைப் பார்த்து இன்னொருவர் கலங்குகிறார்.

படம் முடிந்ததும் முச்சக்கரவண்டி ஓட்டும் இளைஞர் ஒருவர்தான் முதலில் பேசினார். "பாதர், நல்ல படம்தான். ஆனா ரெண்டரை மணித்தியாலமா ஒண்டுமே நடக்கேல்லையே" என்றார். 1995இல் யாழ்ப்பாணத்து இடப்பெயர்வின்போது வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வெளியேறிய முதிய தாயார், படத்தின் தொடக்கத்தில் அக்குடும்பம் வீட்டை விட்டுப் புறப்பட்ட காட்சியிலிருந்தே அழுதுகொண்டிருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. தனியார் நிறுவனமொன்றில் கணக்காளராக உள்ள மற்றொருவர், "இப்படிப்பட்ட மனிதர்கள் படத்தில்தான் இருப்பார்கள். உண்மையில் ஒருவர் நம்மோடு இப்படி ஒட்டிக்கொண்டால், கடன் கேட்கப்போகிறார் என்றுதான் நினைப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சற்று வலித்தது.

அந்தச் சிறிய அறையில் எழுந்த இக்கருத்துகள் தமிழகத்துத் திரையரங்குகளிலும் எழுந்தவைதாம். படம் நீளம், பேச்சு அதிகம் என்ற குறை எழ, வெளியான சில நாட்களுக்குள்ளேயே சுமார் 18 நிமிடக் காட்சிகள் வெட்டப்பட்டன. பின்னர் அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் நெட்பிளிக்ஸ் வழியாக வீடுகளுக்கு வந்தபோது, தமிழ் அறியாதவர்கள்கூட அதனைக் கொண்டாடினார்கள். அரங்கில் பொறுமை இழக்கச் செய்த பேச்சு, வீட்டின் அமைதியில் பலருக்கு ஆறுதலாயிற்று.

நல்ல படங்களுக்கு இது புதிய அனுபவமுமன்று. 1946 டிசம்பரில் ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்ற அமெரிக்கப் படம் வெளியானது. ஊரை விட்டு எங்கும் போக முடியாமல், பிறருக்காகத் தம் கனவுகளை ஒவ்வொன்றாகக் கைவிட்ட ஒரு சாதாரண மனிதர், தாம் பிறவாமலே இருந்திருக்கலாம் என்று எண்ணும் வேளையில், அவர் இல்லாத உலகம் எப்படி இருந்திருக்கும் என்பதை வானதூதர் ஒருவர் அவருக்குக் காட்டுகிறார். ஐந்து ஒஸ்கார் பரிந்துரைகளைப் பெற்றும் அப்படம் வெளியீட்டு நிறுவனத்துக்கு ஐந்து இலட்சம் டொலருக்கு மேல் நட்டத்தையே தந்தது. 1974இல் அதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போகவே, தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு நத்தார் காலத்திலும் அதனைக் கட்டணமின்றி ஒளிபரப்பலாயின. அப்போதுதான் மக்கள் அதனைத் தம் வீட்டுப் படமாக ஏற்றுக்கொண்டார்கள். சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 திரைப்படங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. சைக்கிளைப் பறிகொடுத்து வாழ்விழக்கும் ஏழைத் தந்தையைப் பற்றிய 'சைக்கிள் திருடர்கள்' என்ற 1948ஆம் ஆண்டு இத்தாலியப் படமும் அதே பட்டியலில் உண்டு.

ஆகவே, "ஒன்றும் நடக்கவில்லை" என்ற இளைஞரின் கூற்றை நான் குறைசொல்ல மாட்டேன். காலை ஆறு மணிமுதல் இரவுவரை கொழும்பின் நெரிசலில் வண்டி ஓட்டும் ஒருவருக்கு, மெதுவாக நகரும் ஓர் இரவைப் பார்த்திருப்பது எளிதன்று. அதேபோல, அழுதவர்களைப் பெரிதாகப் பாராட்டவும் மாட்டேன். என் கண்ணும் கலங்கியது. ஆனால் அந்தக் கண்ணீரில் ஒரு சிறு ஏமாற்று இருக்கிறது என்பதே என் எண்ணம். நாம் அனைவரும் அந்த நல்ல மனிதரைப் பார்த்து உருகினோம். அவரைப்போல் நாமும் இருக்கிறோம், அல்லது இருந்திருக்கலாம் என்று எண்ணி மகிழ்ந்தோம். உண்மையில் அப்படத்தில் நமக்குரிய இடம் அவருடையதன்று. பிறர் கையால் உண்டு, பிறர் வீட்டில் உறங்கி, அவர்தம் பெயரைக் கேட்கத் துணியாமல் இருட்டில் வெளியேறிய விருந்தாளியின் இடமே நம்முடையது.

நமது மொழி உறவுச் சொற்களால் நிறைந்தது. அண்ணன், அக்கா, மாமி, நானா என்று முன்பின் அறியாதவரையும் ஒரு நொடியில் உறவாக்கிக்கொள்கிறோம். இது நம் பண்பாட்டின் பெரும் பேறு. ஆயினும் அதே சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும். "அத்தான்" என்ற அழைப்புக்கு மறுமொழி சொல்லியே ஓர் இரவைக் கடத்திவிட்டார் அருள்மொழி. நானும் அப்படித்தான். அந்தத் தொடர்மாடியின் கீழே சிறிய கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், நான் வரும்போதெல்லாம் என் மோட்டார் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கித் தருவார். மழை நாளில் பிளேன்டீயும் தருவார். மூன்று ஆண்டுகளாக அவரை "நானா" என்றே அழைத்து வந்தேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது என்பதே அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

அன்று எல்லோரும் கலைந்த பின்னர், வீட்டுக்காரப் பெண்மணி தயங்கியபடி என்னிடம் வந்தார். "பாதர், எதிர் வீட்டுத் தாத்தாட பேர் எனக்குத் தெரியாது. இவ்வளவு வருஷமும் நான் கேட்டதில்லை" என்றார். முஸ்லிம் மக்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்று அழைப்பது வழக்கம். இவரும் அப்படியே அழைத்துப் பழகியவர். நோன்புக் காலத்தில் அந்த வீட்டிலிருந்து கஞ்சி வரும். நத்தாருக்கு இங்கிருந்து கேக் போகும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோனது. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் காயமடைந்தவர்களுள் இவருடைய நெருங்கிய உறவினர் ஒருவரும் இருந்தார். அடுத்த மாதமே நோன்பு தொடங்கியது. கஞ்சி வரவில்லை. வந்திருந்தாலும் தாம் வாங்கியிருக்கமாட்டார் என்றே அவர் சொன்னார். நான்கடி அகல நடையின் இருபுறமும் இரண்டு கதவுகள். அவை திறக்கும் நேரங்களும் ஒன்றையொன்று தவிர்க்கப் பழகிக்கொண்டன.

இங்கே நான் கவனமாகப் பேசவேண்டும். அந்த நாளில் 260க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம். அவர்களுக்காக நாம் உண்மையையும் நீதியையும் கேட்பது நம் உரிமை. அதனைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் நீதிமன்றத்தில் கேட்கவேண்டிய கேள்வியை எதிர்வீட்டுக் கதவில் கேட்க முடியாது. அந்தக் கதவின் பின்னால் இருப்பவர் குற்றவாளியுமல்லர், குற்றவாளியின் உறவினருமல்லர். அவர் கஞ்சி கொடுத்த ஒரு பெண். அவருடைய பெயரை அறிந்திருந்தால், ஒரு கூட்டத்தின் பெயரை அவர்மேல் ஒட்டுவது நமக்கு இவ்வளவு எளிதாக இருந்திருக்குமா? "இப்படிப்பட்ட மனிதர்கள் படத்தில்தான் இருப்பார்கள்" என்று சொல்லிச் சிரித்தோமே, அப்படிப்பட்ட ஒருவர் நடைக்கு அப்பால் இருந்ததை ஏன் மறந்தோம்?

நற்செய்தியாளர் லூக்கா கூறும் எம்மாவு நிகழ்ச்சியை நினைத்துப்பாருங்கள். அங்கும் பொழுது சாய்கிறது. வழியில் உடன் வந்தவரைத் தங்கிச் செல்லுமாறு இரு சீடர்கள் வற்புறுத்துகிறார்கள். வழிநெடுகப் பேசியும் அவர் யாரென்று அவர்கள் அறியவில்லை. ஒரே பந்தியில் அமர்ந்து அப்பம் பிட்கும்போதுதான் கண்கள் திறக்கின்றன. உயிர்த்த ஆண்டவர் தம்மைக் காட்டிய இடம் ஓர் இரவு உணவு மேசை. அன்னியரை உள்ளே அழைத்திராவிட்டால் அவர்கள் அவரைக் கண்டுகொண்டிருக்கமாட்டார்கள்.

அதே நற்செய்தியில் செல்வரும் ஏழையும் என்ற உவமையும் உண்டு. உலக வழக்கில் செல்வரின் பெயரையே எல்லோரும் அறிவர். வாசலில் கிடப்பவரைப் பிச்சைக்காரர் என்பதோடு முடித்துக்கொள்வர். ஆண்டவரோ செல்வருக்குப் பெயர் கொடுக்கவில்லை. வாசலில் கிடந்தவருக்கு இலாசர் என்று பெயர் சொல்கிறார். இயேசு சொன்ன உவமைகளுள் அவரே பெயர் சூட்டிய ஒரே பாத்திரம் அந்த ஏழைதான். கடவுளின் நினைவில் யாருடைய பெயர் முதலில் நிற்கிறது என்பதை இது உணர்த்தவில்லையா?

சில வாரங்களின் பின்னர் அந்தப் பெண்மணி எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. "இவ்வளவு காலமும் உங்கட பேரைக் கேட்காம இருந்திட்டன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தத் தாத்தா சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, தம் பெயரைச் சொன்னாராம். இவருடைய பெயரை அவர் கேட்கவில்லை. அது அவருக்கு முன்னரே தெரிந்திருந்தது.

அவர்கள் இருவரும் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று நான் எழுதமாட்டேன். ஏழாண்டுக் கல் ஒரே நாளில் புரளாது. கதவு திறந்தது, அவ்வளவே.

அன்பர்களே, நல்ல திரைப்படம் பார்த்து அழுவது நல்லதுதான். அந்தக் கண்ணீர் காய்வதற்குள் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். உங்கள் மாடியில், உங்கள் ஒழுங்கையில், நீங்கள் நாள்தோறும் காணும் ஒருவரின் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடும். குப்பை அள்ள வருபவராக இருக்கலாம். பாடசாலை வாசலில் நிற்கும் காவலாளியாக இருக்கலாம். வேற்று மதத்து அயலவராகவும் இருக்கலாம். இந்த வாரம் அவரிடம் பெயரைக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கமாக இருக்கும். எனக்கும் அந்தக் கடைக்காரப் பெரியவர் முன் வெட்கமாகத்தான் இருந்தது. கேட்ட பின்னர் மனம் இலேசாயிற்று. மறுநாள் திருப்பலியில் அவருக்காகப் பெயர் சொல்லி மன்றாடவும் முடிந்தது.