நோயின் அறிகுறிக்குத் தண்டனையா?

போதைப்பொருள் பயன்படுத்தியதாகவோ, சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கில் சிக்கிய போதை அடிமை ஒருவர், தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம் என்கிறது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு. வரவேற்க வேண்டிய பிரிவுதான். ஆனால், சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. விட்டுவிட முயன்று முயன்று தோற்பது, போதை அடிமைத்தனம் என்ற நோயைக் கண்டறிய மனநல மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகளுள் ஒன்று. அந்த அறிகுறி தெரிந்ததுமே ஒருவரை மறுபடியும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கொடுமை.

மருத்துவ உலகமும் இது நோய் என்ற தெளிவுக்கு எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952-இல் வெளியிட்ட முதல் வகைப்பாட்டு நூல், போதை அடிமைத்தனத்தைச் சமூகத்தோடு ஒட்டாத ஆளுமைக் கோளாறுகளோடு சேர்த்தே வைத்தது. அதாவது, குணக்கேடு என்றே பார்த்தது. 1980-இல்தான் அதற்குத் தனி இடம் கிடைத்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு 11 அறிகுறிகளை வகுத்து, இரண்டோ மூன்றோ இருந்தால் லேசானது, ஆறும் அதற்கு மேலும் இருந்தால் கடுமையானது என்று படிநிலை தந்தது. போதை வேட்கை புதிதாகச் சேர்ந்தது. சட்டச் சிக்கலில் மாட்டுவது என்ற பழைய அளவுகோல் நீக்கப்பட்டது. சரியான முடிவு அது. ஒருவர் கைதாவது அவருடைய நோயைவிட, அவர் வாழும் ஊரின் சட்டத்தையும் காவல்துறையையும் பொறுத்த விஷயம்.

இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் மது, போதைப்பொருள் தொடர்பான மனநிலைகளை மனநோய் என்றே ஏற்கிறது. ஆனால் அந்த நோயுள்ள ஒருவர் ஹெராயின் பயன்படுத்தினால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. தடைசெய்யப்பட்ட போதைப்பொருளுக்கு அடிமையானோரில் 20 பேருக்கு ஒருவரே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருப்பதாக, 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு கூறியது. சிறை பயம் இருக்கும்வரை மீதிப் பேர் மருத்துவமனைப் படியேறத் தயங்கத்தான் செய்வார்கள்.

நோய் என்று சொல்லிவிட்டால் வியாபாரிகள் தப்பிவிடுவார்கள் என்பது பொருந்தாத அச்சம். ஹெராயினில் 5 கிராம் வரை சிறிய அளவு, 250 கிராமுக்கு மேல் வணிக அளவு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. விற்பனை தனிக் குற்றம். மனநோய் என்ற பெயர் ஆட்களைப் பூட்டிவைக்க வழிவிடும் என்ற கவலையில் நியாயம் உண்டு. ஆனால் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டம் தடை செய்கிறது. மறுவாழ்வு மையங்களில் அரசு அதைக் கறாராக அமல்படுத்த வேண்டும். நாடாளுமன்றம் 27-ஆம் பிரிவின் சிறைத்தண்டனையை நீக்கட்டும். அதுவரை, சிகிச்சை பாதியில் நின்றதற்காக 64ஏ பாதுகாப்பை யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாது.